பேச்சு முடியுமுன் வெட்டுண்ட தலை

தொல்லிலக்கியங்களில் பொதிந்து கிடக்கும் வருணக் கொடுமையைப் பற்றி நாம் எழுதும்போதெல்லாம் மூன்று மறுமொழிகள் தவறாமல் வந்து சேர்கின்றன. ‘அது அக்காலத்து வழக்கம், இன்றைய அளவுகோலால் அளத்தல் ஆகாது’ என்பது முதலாவது. ‘அப்பகுதி மூலநூலில் இல்லை, பின்னாளில் எவரோ நுழைத்த இடைச்செருகல்’ என்பது இரண்டாவது. மூன்றாவது நம் தோழர்கள் சிலரிடமிருந்தே வருகிறது: ‘கூலி, நிலம், விலைவாசி எனப் பேச வேண்டியவை எத்தனையோ இருக்க, பழங்கதையைக் கிளறி மக்களின் நம்பிக்கையை ஏன் புண்படுத்த வேண்டும்?’ இம்மூன்றுக்கும் ஒரே கதையைக் கொண்டு விடையளிக்க விரும்புகிறேன். அது சம்பூகன் கதை.

கம்பனின் காப்பியம் யுத்த காண்டத்தோடு நிறைவுறுவதால் தமிழ் வாசகர் பலர் இக்கதையை அறியார். வான்மீகியின் பெயரால் வழங்கும் இராமாயணத்தின் உத்தர காண்டத்தில் இது வருகிறது. இறந்துபோன தன் மகனின் உடலோடு ஒரு பிராமணர் அரண்மனை வாயிலுக்கு வருகிறார். அரசனின் ஆட்சியில் ஏதோ அதருமம் நிகழ்ந்ததாலேயே பிள்ளை மாண்டான் என முறையிடுகிறார். அவையில் நாரதர் காரணம் கூறுகிறார்: தவம் செய்யும் உரிமை யுகத்துக்கு யுகம் ஒவ்வொரு வருணத்துக்காக விரியும், சூத்திரனின் முறை கலியுகத்தில்தான், ஆனால் இப்போதே எங்கோ ஒரு சூத்திரன் தவம் செய்கிறான். இராமன் விமானம் ஏறித் திசைதோறும் தேடுகிறான். தென்திசையில் ஓர் ஏரிக்கரையில் தலைகீழாகத் தொங்கித் தவம் புரியும் ஒருவனைக் காண்கிறான். ‘நீ எவ்வருணத்தான்?’ என்று கேட்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. தான் சூத்திரன் என்றும், தன் பெயர் சம்பூகன் என்றும், உடலோடு விண்ணுலகு எய்த விழைவதாகவும் கூறுகிறான். கூறிக்கொண்டிருக்கும்போதே வாள் இறங்குகிறது. தேவர்கள் பூமாரி பொழிகிறார்கள். அதே கணத்தில் பிராமணச் சிறுவன் உயிர்த்தெழுகிறான்.

மொழிபெயர்ப்பையே வாழ்நாள் பணியாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்றைச் சுட்ட வேண்டும். அவன் பேசி முடித்த பின் வெட்டுண்டான் என்று மூலம் சொல்லவில்லை. பேசிக்கொண்டிருக்கையில் வெட்டுண்டான் என்றே சொல்கிறது. விசாரணை என ஒன்று நடந்ததாயின், அதில் எழுந்த கேள்வி பிறப்பைப் பற்றியது. எவருக்குத் தீங்கு செய்தாய் என்று அவனை எவரும் கேட்கவில்லை. உண்மை பேசியதே அவன்மீதான சான்றாயிற்று.

இனி முதல் மறுமொழிக்கு வருவோம். ‘அக்காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எண்ணினர்’ என்றால், சம்பூகன் எக்காலத்தவன்? அவனும் அக்காலத்தவனே அல்லவா? எவரும் மீறாத விதிக்குத் தண்டனை எழுதும் தேவை எந்த ஆளும் வர்க்கத்துக்கும் எழுவதில்லை. விதி மீறப்பட்டது, அதனாலேயே வாள் தேவைப்பட்டது. புத்தரின் சங்கத்தில் நாவிதராகிய உபாலி, சாக்கிய இளவரசர்களுக்கு முன்பாகவே துறவு ஏற்று அவர்களின் வணக்கத்துக்கு உரியவரானார் எனப் பௌத்த நூல்கள் கூறுகின்றன. ஆகவே பழங்காலம் என்பது ஒரே குரலில் பேசிய காலம் அன்று. ஒடுக்கியோரின் கருத்தை மட்டும் எடுத்து ‘காலத்தின் கருத்து’ எனப் பெயரிடுவது, ஒடுக்கப்பட்டோரைக் காலத்திலிருந்தே வெளியேற்றுவதாகும்.

இரண்டாவது மறுமொழி இடைச்செருகல் என்பது. உத்தர காண்டம் பிற்காலச் சேர்க்கை என்று அறிஞர் பலர் கருதுவது மெய்தான். ஆனால் அதனால் வழக்கு முடிந்துவிடவில்லை, இனிமேல்தான் தொடங்குகிறது. செருகியவர் யார்? எதற்காகச் செருகினார்? மக்கள் போற்றும் ஒரு நாயகனின் கையில் இந்த வாளைக் கொடுக்க வேண்டிய நெருக்கடி எவருக்கு ஏற்பட்டது? மூலத்தில் இருந்தால் அது ஒரு கவிஞனின் உள்ளத்துக்குச் சான்று. செருகப்பட்டிருந்தால் ஒரு சமூக ஏற்பாட்டின் அச்சத்துக்குச் சான்று. அந்த அச்சம் பின்வந்த பெரும் கவிகளையும் உறுத்தியிருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் பவபூதி தன் ‘உத்தரராமசரித’ நாடகத்தில் இக்கொலையைக் கைவிடவில்லை. ஆனால் வாளோங்கும் தன் வலக்கையையே நோக்கி இராமன் மனம் நொந்து பேசுவதாக அமைத்தார். கொல்லப்பட்டவனைத் தெய்வ வடிவில் எழச் செய்து, கொன்றவனுக்கு நன்றியும் கூற வைத்தார். குற்றவுணர்வு இல்லாத இடத்தில் இத்தகைய ஒப்பனைக்குத் தேவை எழாது.

இக்கதையின் அரசியல் உட்கருவைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் அம்பேத்கர். 1936இல் வெளிவந்த ‘சாதி ஒழிப்பு’ நூலில், இராமன் என்ற தனிமனிதனின் குணக்கேடாக இதைப் பார்ப்பது பிழை என்கிறார். நால்வருணம் தானாக நிலைக்கும் இயல்புடையது அன்று. தண்டனையின்றி அதைக் காக்க இயலாது. அதைக் காக்கும் பொறுப்பேற்ற அரசன் இதைத்தான் செய்தாக வேண்டும் என்பது அவர் வாதம். அரசு என்பது வர்க்க ஒடுக்குமுறையின் கருவி என்று பயின்ற நமக்கு இவ்வாதம் அந்நியமாகத் தோன்றக் காரணமே இல்லை.

சம்பூகன் பாதியில் விட்ட பேச்சை இந்திய மொழிகள் தொடர்ந்து பேசியுள்ளன. தெலுங்கில் திரிபுரனேனி ராமசாமி சௌதரி 1920இல் ‘சம்பூக வதா’ நாடகத்தை எழுதினார். கன்னடத்தில் குவெம்பு 1944இல் ‘சூத்ர தபஸ்வி’ எழுதினார். அதில் இராமன் தொடுத்த அம்பு குற்றஞ்சாட்டிய பிராமணரையே நோக்கித் திரும்புகிறது, அவர் தவசியைப் பணிகிறார். இந்தியில் லலாய் சிங் சம்பூகனை நாடகமாக்கியதோடு, பெரியாரின் இராமாயண விமர்சன நூலைச் ‘சச்சி ராமாயண்’ என வெளியிட்டார். உத்தரப் பிரதேச அரசு 1969 டிசம்பரில் அந்நூலைப் பறிமுதல் செய்தது. 1971இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. அரசின் மேல்முறையீட்டை 1976 செப்டம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நூலைப் பறிக்கும் அரசு அதற்கான காரணங்களை ஆணையிலேயே கூற வேண்டும், கூறவில்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை. தீர்ப்பை எழுதியவர் 1957இல் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் இடம்பெற்றிருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர். காரணம் கேளாமல் தலை வெட்டுண்டவனின் கதையைச் சொன்ன நூலுக்கு, காரணம் கேட்டு ஒரு நீதிமன்றம் நியாயம் வழங்கியது.

இப்போது நம் தோழர்களின் மறுமொழி. ஒவ்வொரு தேசியப் பண்பாட்டுக்குள்ளும் இரண்டு பண்பாடுகள் உண்டு என்று லெனின் 1913இலேயே எழுதினார். வாளின் பண்பாட்டை முழுமையாக மதவாதிகளிடம் ஒப்படைத்துவிட்டு, சம்பூகனின் பண்பாட்டைப் பற்றி நாமும் வாய்மூடி இருந்தால், மக்களிடம் எஞ்சுவது எது? இது பழங்கதையும் அன்று. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் நான்கு தோழர்களோடு விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆய்வு மாணவர் ரோஹித் வேமுலா 2016 ஜனவரி 17 அன்று உயிர்நீத்தார். அதன்பின் மத்திய அரசு அமைத்த ஆணையமும், 2024இல் காவல்துறை அளித்த முடிப்பறிக்கையும் ஆராய்ந்தவற்றுள் முதன்மையானது அவர் எச்சாதியில் பிறந்தார் என்பது. ஏரிக்கரையில் எழுந்த அதே கேள்வி, இம்முறை இறந்தவனை நோக்கி. கல்வி, நிலம், கூலி ஆகியவற்றின் வாயிலில் இக்கேள்வி நின்றுகொண்டிருக்கும்வரை, அதன் வேரைத் தொடாமல் கூலியைப் பற்றி மட்டும் பேசிவிட முடியாது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் சாதி ஒழிப்பு பற்றிய துண்டறிக்கை ஒன்றை இந்தியிலிருந்து தமிழாக்கினேன். சம்பூகனைப் பற்றி அதில் இரண்டு வரிகள் இருந்தன. தேர்தல் நெருங்குகிறது என்ற காரணம் கூறி, அச்சுக்குப் போகுமுன் அவ்வரிகள் நீக்கப்பட்டன. நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. முதுகலையில் அணியும் யாப்பும் பயின்ற எனக்கு, விடுபட்ட இரண்டு வரியின் பொருள் விளங்காமல் இல்லை.

தொல்லிலக்கியங்களை எரிக்கவும் வேண்டாம், தொழவும் வேண்டாம். கிளைகளின் படிப்பு வட்டங்களில் இக்கதையை முழுமையாக வாசியுங்கள். கேள்வி கேட்டவன் யார், விடை சொன்னவன் யார், பயன் பெற்றவன் யார் என்று பிரித்துப் பாருங்கள். அந்தப் பழைய கேள்வி நம் வீட்டுத் திருமணப் பேச்சுகளில் எழும்போது அங்கேயே எதிர்த்து நில்லுங்கள். சம்பூகன் சொல்லி முடிக்காததை முடித்து வைக்கும் கடமை நமக்கு உண்டு.