கரைக்கே திரும்பும் நாய்கள்

2025 நவம்பர் 7 உத்தரவை இதற்குள் எல்லோரும் படித்திருப்பீர்கள். கல்வி நிலையம், மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடிபடும் நாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்ததும் காப்பகம்தான், பழைய இடத்தில் திரும்ப விடக் கூடாது என்கிறது உச்ச நீதிமன்றம். மற்ற இடங்களுக்கு அதே நீதிமன்றத்தின் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவும் 2023 விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் அப்படியே நிற்கின்றன: எங்கே பிடித்தோமோ அங்கேயே விட வேண்டும். தண்டவாளமே இல்லாத நம் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் இதே பட்டியல்தான்.

காப்பகத்துக்கு இடம் எங்கே, காசு எங்கே என்று கேட்க நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்கட்டும். கடிபடும் குழந்தைகளை முன்னிட்டு வந்த உத்தரவு இது. அதை எதிர்க்க நமக்குக் காரணமில்லை. நம் குறை ஒன்றுதான். பட்டியலில் ஆமை முட்டையிடும் கரை இல்லை.

அந்தக் கரையில் நாய் முட்டைக்காகத் தோண்டுகிறது. ஆனால் தோண்டும் நாய் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வீட்டு முற்றம். வெயில் தாங்காமல் வாழையடி ஈரத்தில் பள்ளம் பறிக்கும். நண்டு வளையை நோண்டும். குட்டி போடும் நாள் நெருங்கினால் மறைவாகக் குழி தேடும். நாள் முழுக்கக் கட்டியே வைத்தால் வேறு வேலையில்லாமல் கிளறும். காரணத்தைப் பிரித்துப் பார்க்காமல் குழியில் மிளகாய்த்தூள் போடச் சொல்கிறவர்கள் நம் கால்நடை மருத்துவத் தொழிலிலும் உண்டு. நிழல், நடை, மணல் நிரப்பித் தோண்ட விட்ட தனி மூலை என்று முற்றத்து நாய்க்கு வழி இருக்கிறது. அங்கே தோண்டுவதற்குக் கிடைக்கும் கூலி சொற்பம், ஆகவே பழக்கத்தைத் திருப்பிவிட முடிகிறது. கரையில் ஒரு குழிக்குக் கூலி ஏறக்குறைய நூறு முட்டை.

பங்குனி ஆமையின் குழி ஒன்றரை அடி ஆழம் இருக்கும். முட்டையிட்ட முதல் சில இரவுகளில் வாடை தூக்கலாக இருக்கும். குஞ்சுகள் பொரிந்து மேலேறும் சமயத்தில் மறுபடியும். நாய் ஓத வரம்பை ஒட்டி மூக்கைத் தாழ்த்தியபடி வரும். ஆமை புரண்டு மூடிய இடத்தில் நின்று, முன்னங்கால்களை மாற்றி மாற்றிப் போட்டு, மணலைப் பின்னங்கால்களுக்கு இடையே தள்ளும். தோள்வரை உள்ளே போனதும் முதல் முட்டை வாய்க்கு வந்துவிடும். அத்தனையையும் தின்பதில்லை. திறந்து போட்ட மிச்சத்தை விடிந்ததும் காக்கையும் நண்டும் முடித்துவைக்கும். காலையில் ரோந்து வருகிறவருக்குக் கிடைப்பது சுருண்டு கிடக்கும் ஓடுகள். தாயின் பின்னால் வந்து பழகிய குட்டிகள் பிறகு தாமாகவே வரும்.

கருத்தடை இதைத் தொடாது. அலைச்சலும் சண்டையும் குறையலாம். கற்றுக்கொண்ட வாடை மறக்காது. ரங்கத் பக்கத்துக் கத்பர்ட் பே கரையில் பிடித்த நாய்க்கு அறுவை முடித்து, காது நுனியை வெட்டி, விதிப்படி கத்பர்ட் பேயிலேயே இறக்கிவிட்டால் நாம் என்ன சாதித்தோம்? ஆகஸ்ட் உத்தரவு தரும் விலக்கு வெறிநோய்க்கும் ஆக்ரோஷத்துக்கும் மட்டும். முட்டை தின்னும் நாய் மனிதரைக் கண்டால் வாலாட்டக்கூடும். விதிகளின் கண்ணுக்கு அது நல்ல நாய். அதே முட்டையை ஒரு மனிதர் எடுத்தால் 1972 வனவிலங்குச் சட்டம் பாயும், கடலாமைகள் முதல் அட்டவணையில் இருப்பதால்.

அந்தமானில் நாய் பழைய குடியும் அல்ல. 1858-இல் கைதிகள் குடியேற்றம் வந்த பிறகே இங்கே நாய் வந்தது. பழங்குடிகள் பின்னர் பன்றி வேட்டைக்கு அதைச் சேர்த்துக்கொண்டார்கள். கடலாமை ஆய்வாளர் சதீஷ் பாஸ்கர் 1970-களின் இறுதியில் இந்தக் கரைகளை நடந்தே கணக்கெடுக்கத் தொடங்கினார். அதற்குப் பின் வந்த ஆமை ஆய்வுகளில் நாய் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. நிர்வாகத்தின் காதில் மட்டும் விழவில்லை. ஒரு மேசையில் கேட்டால் நாய் எங்கள் விலங்கு இல்லை என்பார்கள். அடுத்த மேசையில் கரை எங்கள் எல்லை இல்லை என்பார்கள். விதிகள் உள்ளாட்சி அமைப்பைப் பொறுப்பாக்குகின்றன. தீவுகள் மொத்தத்துக்கும் நகராட்சி என்று இருப்பது ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது பழைய போர்ட் பிளேயரில், ஒன்றே ஒன்று. மற்ற இடங்களில் ஊராட்சியும், நிக்கோபாரில் பழங்குடி மன்றங்களும்தான். டெல்லியை மனத்தில் வைத்து எழுதிய விதிகளை அறுவை மேசைகூட இல்லாத ஊராட்சி எப்படி நிறைவேற்றும் என்று யாரும் கேட்பதில்லை.

வேகமாக நகரும் கோப்புகளும் உண்டு. 2021 ஜனவரியில் தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு, கிரேட் நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாச் சரணாலயத்தின் அறிவிக்கையை நீக்கச் சம்மதித்தது. ஏழுவரி ஆமை இந்தியாவில் முட்டையிடும் முக்கியக் கரைகளில் அது ஒன்று. அடுத்த ஆண்டு நவம்பரில் அதே விரிகுடாவில் அமையவுள்ள துறைமுகத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதியும் வந்தது. கரையையே கைமாற்றிக் கொடுக்கத் துணிந்தவர்களுக்கு, கரையிலிருந்து நாயை விலக்க ஒரு வரி எழுதுவதில் என்ன சிரமம்?

நவம்பர் உத்தரவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு கேட்கிறது. பங்குனி ஆமை முட்டை இரண்டு மாதத்துக்குள் பொரிந்துவிடும். முட்டையிடும் கரைகளுக்கும் காப்பக விதியை நீட்டிக்கக் கோரி யூனியன் பிரதேச நிர்வாகத்துக்கு எழுதுகிறோம். காத்திருக்கும் நேரத்தில் நாம் செய்யக்கூடியவை சில. கேஸ் ஷீட்டில் பிடித்த இடம் என்ற கட்டத்தில் ஊராட்சியின் பெயரோடு நிற்காமல் கரையின் பெயரையும் எழுதுங்கள். வாந்தியிலோ மலத்திலோ முட்டை ஓடு தென்பட்டால் அதையும் குறியுங்கள். இன்று நம்மிடம் அந்தக் கணக்குகூட இல்லை. குழியின்மேல் கம்பி வலை விரிக்க வனக்காவலர் உதவி கேட்டால், குஞ்சு நுழைந்து வெளியேறும் அளவுக்குக் கண் அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். முட்டையைப் பொரிப்பகத்துக்கு மாற்றுவதானால் இட்ட சில மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். தாமதித்தால் கரு சாகும்.

நாய்களுக்கு உணவிடும் இடங்களைக் குறிக்க ஊராட்சிகளில் கூட்டங்கள் வரும். மீன் கழிவும் ரிசார்ட் எச்சிலும் கரையிலேயே கொட்டிக் கிடந்தால் ஒரு நாயை அகற்றிய இடத்துக்கு இன்னொரு நாய் வரும். உணவிடும் இடத்தைக் கரையிலிருந்து தள்ளி, ஊருக்குள் குறிக்கச் சொல்ல அந்தக் கூட்டங்களில் நம்மில் ஒருவராவது இருக்க வேண்டும்.