பரணி தமிழ் பீரியடில், குலோத்துங்கன் சமூக அறிவியலில்!

முதலாம் குலோத்துங்கன் (1070-1122) சமூக அறிவியல் பீரியடில் வருவான். அவன் படை கலிங்கத்தை வென்றதைப் பாடிய செயங்கொண்டார் தமிழ் பீரியடில் வருவார். நடுவில் இன்டர்வெல் மணி அடித்துவிடும். இந்தப் புலவர் அந்த மன்னனின் அவையிலேயே இருந்தவர் என்பது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? அங்கே ஆண்டுகள், இங்கே அருஞ்சொற்பொருள். இரண்டும் பரீட்சை முடிந்த மறுநாள் காலி.

"பாட்டெல்லாம் புலவர் புளுகு, வரலாற்றில் கலக்காதே" என்று சிலர் குதிப்பார்கள். சரி, புளுகுதான். ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனுக்கே பரணி என்பது இலக்கணம். யார் எண்ணினார்கள்? களத்தில் பேய்கள் கூழ் காய்ச்சிக் குடிக்கின்றன. ஆனால் படையை நடத்தியவன் கருணாகரத் தொண்டைமான், மன்னன் போகவில்லை என்பதும் அதே பாட்டில்தான் இருக்கிறது. எதை நம்புவது, எதைத் தள்ளுவது? மெய்க்கீர்த்தியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். (அதுவும் அரசனைப் புகழ வெட்டியதுதான், அது தனி ருசி!) வரலாறு படிப்பது என்றால் இதுதானே ஐயா?

கலிங்க மன்னன் அனந்தவர்மன் சோடகங்கனின் தாய் ஒரு சோழ இளவரசி. கப்பம் வரவில்லை என்று சொந்தக்காரன் நாட்டின்மேல் படையெடுத்த கதையை, வென்றவன் வீட்டுப் புலவர் வாயால் மட்டும் கேட்டால் போதுமா என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்கட்டுமே.

இதற்குப் புதுப் புத்தகம் வேண்டாம். இரண்டு ஆசிரியர்களும் வாரம் ஒரு பீரியட் ஒரே வகுப்பில் நின்றால் போதும். டைம்டேபிளில் இடமில்லையாம். மாதத் தேர்வுக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது...