பறந்த மணிகளுக்கு விலை கொடுப்பது யார்?

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியும், இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தும் டிஜிசிஏ வகுத்த விதிகள் 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டவை. அவற்றுக்கேற்ப ஆள் சேர்க்க நிறுவனத்துக்குப் போதிய காலம் இருந்தது, சேர்க்கவில்லை. ஒன்றிய அரசோ விதியைத் தளர்த்தித் தற்காலிக விலக்கு அளித்தது. உடனே முதலாளித்துவ ஏடுகள் பழைய பல்லவியைப் பாடத் தொடங்கின: நாட்டில் விமானிகளுக்குப் பற்றாக்குறை!

பற்றாக்குறை என்றால், வணிக விமானி உரிமம் பெற்ற இளைஞர்கள் வேலைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது ஏன்?

உரிமம் பெறக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு விமானியாக இருந்திருக்க வேண்டும். இந்த நிபந்தனையில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமந்து செல்பவருக்கு அனுபவம் வேண்டும். கேள்வி வேறு. அந்த மணிகளுக்கு யார் விலை கொடுப்பது? அரசு நிறுவனமான ஃபர்சத்கஞ்ச் இந்திரா காந்தி விமானப் பயிற்சி அகாதமியிலேயே கட்டணம் 45 லட்சம் ரூபாய் அளவில் இருக்கிறது. கல்விக் கடனோ 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் சொத்துப் பிணை கேட்கின்றன. பிணை வைக்க வீடோ நிலமோ இல்லாத தலித் குடும்பமோ விவசாயத் தொழிலாளி குடும்பமோ என்ன செய்யும்? அரசு அகாதமியில் இட ஒதுக்கீடு உண்டு. ஆனால் இடம் கிடைத்தும் பணம் இல்லையென்றால் அந்த ஒதுக்கீட்டுக்குப் பொருள் என்ன?

செலவு அத்துடன் முடிவதில்லை. 200 மணி நேரமும் பெரும்பாலும் சிறிய விமானங்களில் பறந்தவை. ஏர்பஸ் 320, போயிங் 737 போன்றவற்றை ஓட்ட அந்தந்த வகைக்கெனத் தனித் தகுதி பெற வேண்டும். அதற்கு மேலும் பல லட்சம். இந்தத் தகுதியோடு வருபவருக்கே நிறுவனங்கள் முன்னுரிமை தருகின்றன. சில விளம்பரங்கள் அவ்வகை விமானத்தில் குறிப்பிட்ட மணிநேர அனுபவத்தையும் கேட்கின்றன. வேலையில் சேராமல் அந்த அனுபவம் எங்கிருந்து வரும்? காத்திருக்கும் காலத்திலும் கருவிப் பறத்தல் தகுதியையும் மருத்துவச் சான்றையும் ஆண்டுதோறும் தன் செலவில் புதுப்பித்தாக வேண்டும். வட்டி ஒருபுறம் ஏற, தகுதி மறுபுறம் காலாவதியாகிறது.

பறக்கும் மணி விலைபொருளாகிவிட்டால் கலப்படமும் வந்து சேரும். பறக்காமலே பறந்ததாகப் பதிவேட்டில் எழுதிக் கொடுத்த மோசடியும், போலி மதிப்பெண் பட்டியலில் உரிமம் பெற்ற மோசடியும் 2011இல் வெளிவந்து கைதுகள் நடந்தன.

மணிக்கணக்கை உயர்த்தினால் பாதுகாப்பு தானே வரும் என்போரும் உண்டு. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் விமானம் விழுந்து 50 பேர் மாண்டனர். அதையொட்டி அங்கே துணை விமானிக்கும் 1,500 மணி நேர அனுபவம் கட்டாயமாயிற்று. ஆனால் விபத்தில் இறந்த இரு விமானிகளுமே 1,500 மணிக்கு மேல் பறந்தவர்கள். துணை விமானி முந்தைய இரவு முழுதும் பயணம் செய்து வேலைக்கு வந்தவர். அவருடைய சொற்ப ஊதியமும் விசாரணையின்போது பேசப்பட்டது. ஏட்டில் ஏறிய மணிகளைப் போலவே, தூங்கக் கிடைத்த மணிகளும் கணக்கில் வர வேண்டும்.

லட்சங்களில் ஊதியம் வாங்கும் விமானிக்காகத் தொழிலாளி வர்க்க ஏடு ஏன் பேச வேண்டும் என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். கிங்ஃபிஷர் 2012இலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் நின்றுபோனபோது விமானியும் சுமை தூக்கும் ஊழியரும் ஊதிய பாக்கியோடு ஒரே தெருவில்தான் நின்றனர். ஜெட் நிறுவனத்தில் போயிங் ஓட்டிய பலர், ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்திருந்தும், ஏர்பஸ் நிறுவனங்களில் சேர மீண்டும் புதிய வகைத் தகுதி பெற வேண்டியிருந்தது.

பொதுத்துறை இந்தியன் ஏர்லைன்ஸ், விமானிகளுக்கென ஐதராபாத்தில் சொந்தப் பயிற்சி நிலையம் நடத்தியது. ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாட்டாவிடம் ஒப்படைக்கப்பட்டபோது, இத்துறையில் அரசின் கையில் இருந்த பிடியும் போயிற்று. இன்று செய்ய வேண்டியவை தெளிவானவை: வகைத் தகுதிப் பயிற்சியின் செலவை நிறுவனங்கள் ஏற்கச் சட்டம் வேண்டும், அரசு பயிற்சி நிலையங்களைப் பெருக்கிக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும், ஒடுக்கப்பட்ட பிரிவு மாணவர்களின் முழுச் செலவையும் அரசு ஏற்க வேண்டும். பயிற்சி பெற்ற விமானி அரிய மனிதவளம் என்று காரணம் காட்டி, வேலையை விடக் கமாண்டர் 12 மாதமும் துணை விமானி 6 மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும் என 2017இல் டிஜிசிஏ விதித்தது. அந்தப் பயிற்சிக்கான கடனை விமானியின் குடும்பம் இன்னும் அடைத்துக்கொண்டிருப்பதைப் பற்றி அவ்விதியில் ஒரு வரியும் இல்லை.