விடை சரி... சாட்சி எங்கே?

"பர்ஸை அடித்தது இவன்தான்" என்று ஒருவனைக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தினால், மாஜிஸ்திரேட் கேட்கும் முதல் கேள்வி: "சாட்சி எங்கே?"

சாட்சி இல்லையா? கேஸ் தள்ளுபடி. ஆள் வெளியே!

பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் மட்டும் இந்தச் சட்டம் செல்லுபடியாவதில்லை. விடை வந்தால் சரி. படிப்படியாக எழுதினால் மார்க் உண்டு, வாஸ்தவம். ஆனால் அந்தப் படிகளையும் நோட்ஸில் பார்த்து உருப்போட்டு வந்தால் என்ன செய்வது?

கப்சிப்!

எந்தப் பள்ளிக்கூடத்திலும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

"இரண்டு ஒற்றைப்படை எண்ணைக் கூட்டினால் என்னடா வரும்?"

"இரட்டைப்படை, சார்!" என்று வகுப்பே கத்தும்.

"ஏன்?"

கப்சிப்!

கெட்டிக்காரப் பையன் ஒருவன் எழுந்து, "மூணும் அஞ்சும் எட்டு, சார். ஏழும் ஒன்பதும் பதினாறு, சார்" என்பான். அது உதாரணம். சாட்சி ஆகாது.

சாட்சி வேண்டுமானால் கோயில் வாசலுக்குப் போக வேண்டும். அங்கே கிடக்கும் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கினால், ஒற்றைப்படைக் குவியலில் ஒரு செருப்பு மிஞ்சும். இன்னொரு ஒற்றைப்படைக் குவியலிலும் ஒன்று மிஞ்சும். மிஞ்சிய இரண்டையும் சேர்த்தால் அதுவும் ஒரு ஜோடி! எத்தனை ஆயிரம் செருப்பு இருந்தாலும் இதே கதைதான்.

இதைச் சொல்லத் தெரிந்த பையனுக்குத்தான் கணக்குத் தெரியும்.

40ல் குட்டு உடைந்தது

"நாலு தடவை போட்டுப் பார்த்தேன், சரியா வந்தது. போதாதா?" என்று கேட்கலாம். போதாது.

ஏதாவது ஓர் எண். அதை அதே எண்ணால் பெருக்கி, அதோடு அந்த எண்ணையும், பிறகு 41ஐயும் கூட்ட வேண்டும். 1 போட்டால் 43. 2 போட்டால் 47. 3 போட்டால் 53. எல்லாம் பகா எண்கள். 39 வரைக்கும் வருவது பகா எண்ணேதான்!

40 போட்டால் 1,681. அது 41ஐ 41ஆல் பெருக்கிய தொகை. பகா எண் இல்லை!

39 தடவை யோக்கியன் போல நடித்துவிட்டு, 40வது தடவை கையும் களவுமாகப் பிடிபட்ட ஆசாமி இது.

சென்னைத் துறைமுக ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன், 1913ல் கேம்பிரிட்ஜுக்குக் கட்டுக் கட்டாகச் சூத்திரங்களை எழுதி அனுப்பினார். பார்த்து அசந்துபோன ஹார்டியும் பதிலில் கேட்டது நிரூபணத்தைத்தான். மேதைக்கே அந்தக் கேள்வி என்றால் மற்றவர்களுக்கு விலக்கு ஏது?

பாக்கெட்டில் கை

"இதெல்லாம் படித்தவர்கள் விவகாரம்" என்று தள்ளிவிட முடியாது. ஏன் என்று கேட்காதவன் பாக்கெட்டில்தான் அடுத்தவன் கை விழுகிறது.

ஜவுளிக்கடையில் போர்டு தொங்குகிறது: "50 சதவீதம் + 20 சதவீதம் தள்ளுபடி!" 70 சதவீதம் என்று கூட்டம் நெரிகிறது. 1,000 ரூபாய் புடவை முதலில் 500 ஆகும். அடுத்த 20 சதவீதம் அந்த 500க்குத்தான். குறைவது 100 ரூபாய். ஆக மொத்தத் தள்ளுபடி 60தான்!

வட்டிக் கடைக்கு வந்தால் இன்னும் மோசம். 12,000 ரூபாய் கடன், நூற்றுக்கு 2 வட்டி. மாதம் 1,000 அசலும் 240 வட்டியும் கட்ட வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அசல் மாதாமாதம் குறைகிறது. வட்டி மட்டும் குறையவில்லை. கடைசி மாதம் பாக்கி 1,000 ரூபாய். அதற்கு வட்டி 240. நூற்றுக்கு 24!

கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ல் சட்டம் வந்தது. போலீஸில் புகார் கொடுக்கவும் முதலில் கணக்குப் புரிய வேண்டுமே!

குற்றவாளி யார்?

அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2001ல் வெளியிட்ட அறிக்கை, கணக்கு அறிவை ஐந்து புரிகள் சேர்ந்த கயிறாகக் காட்டியது. அதில் ஒரு புரி, யோசித்துக் காரணம் காட்டும் திறமை. புதுக் கணக்கு வந்தாலும் அதற்குத் தக்கபடி யோசிப்பது. ஒரு புரி அறுந்தால் கயிறு தாங்காது.

தாங்கவில்லை என்பதற்குச் சாட்சி உண்டு. 15 வயது மாணவர்களுக்கான சர்வதேசத் தேர்வின் முடிவு 2011 டிசம்பரில் வந்தது. 74 இடங்களில், கணக்கில் தமிழ்நாடு கடைசி மூன்றுக்குள்!

வாத்தியாரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. "எத்தனை பேர் பாஸ்?" என்று மேலிடம் அவரைக் குடைகிறது. பாஸ் மார்க் 35. வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. இரண்டையும் உருப்போட்டாலே 16 வந்துவிடும். மற்ற கேள்விகளில் இன்னும் கொஞ்சம் தேற்றினால் தப்பித்துவிடலாம். அப்புறம் "ஏன்" என்று கேட்க யாருக்கு நேரம்?

ஆகவே மாற வேண்டியது கேள்வித்தாள். தப்பாகப் போட்ட கணக்கு ஒன்றை அச்சடித்து, "இதில் தவறு எங்கே? ஏன் தவறு?" என்று 5 மார்க்குக்குக் கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி பரீட்சையில் வந்தால், மறுவாரமே வகுப்பிலும் வரும். நோட்ஸில் அதற்கு விடை கிடைக்காது.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. பையன் மார்க் ஷீட்டை நீட்டினால், "எவ்வளவு?" என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. ஒரு கணக்கைக் காட்டி, "இது எப்படிடா சரி?" என்றும் கேட்க வேண்டும்.

பதில் சொன்னால் பிள்ளை தேறிவிட்டான். திருதிருவென்று விழித்தால், வட்டிக்கடைக்காரன் அவனுக்காகக் காத்திருக்கிறான்!