‘புரிந்ததா?’ என்று கேட்டால் போதாது

மாலை வேளையில் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் என்னிடம் பாடம் கேட்க வருவதுண்டு. நான்காம் படிவம் படிப்பவர்கள். சென்ற வாரம் மரபணு, ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று விளக்கிவிட்டு, “புரிந்ததா?” என்றேன்.

“புரிந்தது டீச்சர்!” என்றார்கள் ஒரே குரலில். ஒருவன் மெண்டலின் பட்டாணிக் கணக்கையே ஒப்பித்தான்: 787 நெட்டை, 277 குட்டை, ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று.

நான் விடவில்லை. “தலசீமியா ஓர் ஒடுங்கு நோய். தாயும் தகப்பனும் அந்த மரபணுவைச் சுமப்பவர்கள். பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. மூத்ததற்கு வந்துவிட்டது. அடுத்த மூன்றுக்கும் பயமில்லைதானே?”

எல்லாத் தலைகளும் ஆடின. “ஒடுங்குன்னா பலவீனம்தானே டீச்சர், அது என்ன செய்யும்?” என்றாள் ஒருத்தி.

சொல் மனப்பாடம், பொருள்தான் இல்லை!

இரண்டு பால் டின்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ரப்பர் கொட்டைகளைப் போட்டேன். ஒன்றுக்குச் சுண்ணாம்பு தடவியிருந்தது. ஒரு டின் தாய், மற்றது தகப்பன். கண்ணை மூடி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கொட்டை எடுக்க வேண்டும். இரண்டும் வெள்ளையானால் நோய். ஒன்று மட்டும் வெள்ளையானால் சுமப்பவர். எடுத்ததைத் திரும்பப் போட்ட பிறகே அடுத்த பிள்ளை.

அந்தப் பெண் எடுத்தாள். இரண்டும் வெள்ளை. போட்டுவிட்டு மறுபடி எடுத்தாள். மறுபடியும் வெள்ளை!

“அப்போ ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே நான்கில் ஒன்றா?” என்றாள். ஆம். ஒடுங்குவது ஒளிந்திருப்பது; ஒழிந்து போவதல்ல.

மூலையிலிருந்த பையன் மெல்லச் சொன்னான்: “அண்ணியோட ரத்தம்தான் கெட்டதுன்னு பாட்டி ஏசுது டீச்சர். அண்ணன் டின்னிலேயும் வெள்ளைக் கொட்டை இருந்திருக்கணுமே!”

அவன்தான் பாடத்தைப் படித்தவன்.

பெற்றோர்களே, நம் நாட்டில் 2016-இல் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா இரத்தப் பரிசோதனை தொடங்கப்பட்டது. அந்தப் பாரம் வீட்டுக்கு வந்தால் பயந்து ஒதுக்கிவிடாதீர்கள். சுமப்பவர் நோயாளியல்லர், மற்றவரைப் போலவே வாழலாம். கடுமையான தலசீமியாவோடு பிறக்கும் குழந்தைக்கோ காலமெல்லாம் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். ஆகவே, திருமணத்துக்கு முன்பே இருவரும் தெரிந்துகொள்வது நல்லது.

இன்றிரவு உங்கள் பிள்ளையிடம், “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள். நான்கு கொட்டைகளைக் கொடுத்து, “எனக்குப் புரிய வை” என்று சொல்லிப் பாருங்கள். பாட்டியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.