ரோலெக்ஸ் வாட்ச்சும் நாற்பது வருடக் கடனும்

ஜெஃபர்சன் கவுன்ட்டியின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ரோலெக்ஸ் வாட்ச்சிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகரம் இருக்கும் கவுன்ட்டி அது. அதன் ஆணையக் குழுத் தலைவராக இருந்த லாரி லாங்ஃபோர்டு, பத்திர வியாபாரத்தைத் தள்ளிவிட்டதற்காக வாட்ச், கோட்டு சூட்டு, ரொக்கம் என்று சுமார் 2.35 லட்சம் டாலர் லஞ்சம் வாங்கினார். 15 வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. கெட்டவன் மாட்டினான், கதை முடிந்தது, எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

எனக்கு இந்தக் கதை மேல் கோபம் உண்டு. இது பொய்யில்லை. ஆனால் ரொம்ப வசதியான உண்மை. சாக்கடை விவகாரத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அத்தனை பேரும் யோக்கியர்களாகவே இருந்திருந்தாலும் அந்தக் கவுன்ட்டி திவாலாகியிருக்க வாய்ப்பிருந்தது என்பதுதான் என் கட்சி.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடுவோம். சாக்கடையைச் சரிசெய்யச் சொன்னது தப்பில்லை. மழை பெய்தால் கஹாபா ஆற்றிலும் பிளாக் வாரியர் ஆற்றிலும் கழிவுநீர் கலந்துகொண்டிருந்தது. குடிமக்கள் வழக்குப் போட்டார்கள், மத்திய அரசின் சுற்றுச்சூழல் முகமையும் சேர்ந்துகொண்டது. 1996-ல் நீதிமன்றத்தில் உடன்படிக்கை ஆனது. இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்களின் பழைய குழாய்களும் கவுன்ட்டியின் தலையில் வந்து விழுந்தன. அவசியமான வேலை, பெரிய செலவு. கடன் வாங்காமல் முடியாது. குழாய் ஐம்பது வருடம் உழைக்கும் என்றால் அதற்கு முப்பது வருடக் கடன் நியாயம்தான்.

சிக்கல் அடுத்த படியில். கடன் 300 கோடி டாலரைத் தாண்டிப் போனபோது கவுன்ட்டியின் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. கட்டணத்தை ஏற்றி, நிலையான வட்டியைக் கட்டிக்கொண்டு போவது ஒன்று. மாதத் தவணை குறைகிற மாதிரி கடனையே மாற்றி எழுதிக்கொள்வது இன்னொன்று. தேர்தலில் நிற்கிறவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லவா வேண்டும்?

2002, 2003-ல் பெரும்பகுதிக் கடன் மாறும் வட்டிக்குப் போனது. கூடவே ஸ்வாப் என்ற வட்டிப் பரிமாற்ற ஒப்பந்தங்கள். கணக்கு எளிது. பத்திரம் வாங்கியவர்களுக்குக் கவுன்ட்டி மாறும் வட்டி கட்டும். வங்கிக்கு நிலையான வட்டி கொடுத்து, பதிலுக்கு மாறும் வட்டி வாங்கும். வருகிற மாறும் வட்டியும் போகிற மாறும் வட்டியும் நேராகிவிட்டால் மிச்சம் லாபம்.

இந்த 'ஆகிவிட்டால்' என்ற சொல்லில்தான் மொத்தக் கவுன்ட்டியும் தொங்கிக்கொண்டிருந்தது.

2008-ல் இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடின. பத்திரங்களுக்கு உத்தரவாதம் கொடுத்திருந்த காப்பீட்டு நிறுவனங்கள் வீட்டுக்கடன் சூதாட்டத்தில் அடிபட்டுத் தரம் இறங்கின. முதலீட்டாளர்கள் பத்திரங்களைக் கைகழுவினார்கள். கவுன்ட்டி கட்டவேண்டிய வட்டி எகிறியது. அதே நேரம் சந்தையின் பொது வட்டி சரிந்ததால் வங்கி தரவேண்டிய தொகை சுருங்கியது. 2011 நவம்பரில் கவுன்ட்டி திவால் மனு போட்டது. மொத்தக் கடன் சுமார் 420 கோடி டாலர். டெட்ராய்ட் 2013-ல் முந்தும்வரை அமெரிக்க உள்ளாட்சி வரலாற்றில் அதுதான் பெரியது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் தொழிலில் ஒரு சின்ன மாற்றத்தை ஏற்றுவதற்கு முன்னால்கூட 'இது உடைந்தால் என்ன ஆகும்?' என்று ஒருத்தர் கேட்பார். பதில் இல்லையென்றால் மாற்றம் ஏறாது. ஸ்வாப் வாங்கலாமா என்று வாக்கெடுத்த அறையில், இரண்டு வட்டியும் பிரிந்தால் ஒரு வீட்டுக்குச் சாக்கடைக் கட்டணம் எவ்வளவு ஆகும் என்ற ஒற்றை எண்ணை மக்கள் முன் வைத்திருந்தால் போதும். கணக்கு ரொம்பச் சிக்கல், நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பார்கள். அந்த நிபுணர்களின் லட்சணத்தையும் பார்த்துவிடுவோம். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் குற்றச்சாட்டுப்படி, இந்த வியாபாரத்தைப் பிடிக்க ஜே.பி. மார்கன் தரப்பு ஆணையர்களின் நண்பர்களுக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது, அந்தச் செலவை ஸ்வாப் வட்டியில் ஏற்றிக் கவுன்ட்டியிடமே வசூலித்தது. 2009-ல் குற்றத்தை ஒப்பாமலும் மறுக்காமலும் அது சமரசம் செய்துகொண்டது. 2.5 கோடி டாலர் அபராதம், கவுன்ட்டிக்கு 5 கோடி, கூடவே 64.7 கோடி டாலர் முறிவுக் கட்டணத்தையும் விட்டுக்கொடுத்தது. கொள்ளை எவ்வளவு பெரிது என்பதற்கு அந்தக் கடைசி எண்ணே சாட்சி.

சரி, கடைசியில் யார் கட்டினார்கள்? 1997-க்குப் பிறகு கட்டணம் நான்கு மடங்குக்கு மேல் ஏறியது. தொழில் வரியும் நீதிமன்றத்தில் அடிபட்டுப்போக, ஏழைகளுக்கான கூப்பர் கிரீன் மருத்துவமனை 2012 இறுதியில் உள்நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தியது. ரோலெக்ஸ் கட்டாதவர்கள் தலையில்தான் விடிந்தது.

பாடம் கற்றார்களா? 2013-ல் திவாலிலிருந்து வெளியே வர, 178 கோடி டாலருக்குப் புதுப் பத்திரம் போட்டார்கள். நாற்பது வருடக் கடன். அதில் ஒரு பகுதிக்கு ஆரம்ப வருடங்களில் வட்டி கட்ட வேண்டியதில்லை, அது அசலோடு சேர்ந்துகொண்டே போகும். வருடாவருடம் கட்டணம் ஏறியது, மக்கள் கட்டினார்கள். 2024-ல் அதை மாற்றி எழுதியபோது போட்ட பத்திரம் சுமார் 220 கோடி. பத்து வருடம் கட்டிய பிறகு கடன் வளர்ந்திருக்கிறது! இதில் லஞ்சமில்லை, வாட்ச் இல்லை. எல்லாம் சட்டப்படி.

ஆணையரின் பதவிக்காலம் நான்கு வருடம், கடனின் ஆயுள் நாற்பது. இந்த இடைவெளியில்தான் திருட்டு நடக்கிறது; திருடன் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆகவே திட்டத்துக்கு ஒப்புதல் தரும் அதே நாளில், மோசமான காலத்தில் ஒரு வீட்டின் மாதக் கட்டணம் எவ்வளவு என்று எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். பத்திரங்களைப் பேரம் பேசி விற்காமல் போட்டி ஏலத்தில் விற்க வேண்டும். இந்த வருடக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டுவதற்காக மட்டும் வாங்கும் கடனைச் சட்டமே தடுக்க வேண்டும்.

இதெல்லாம் அரசியல் ரீதியாகச் சாத்தியமில்லை என்பவர்களிடம் ஒரே கேள்வி: அந்த எண்ணைச் சுவரில் ஒட்ட முடியாது என்றால், அதை மக்கள் தலையில் மட்டும் எப்படிக் கட்ட முடிந்தது?