நூரி பறந்த வானமும் நம் பிள்ளைகளும்

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது. பால்மரம் வெட்டிய நம் மக்களின் லயங்களைச் சுற்றிப் பல தோட்டங்களில் முள்வேலி எழுந்தது.

1960இல் அவசரகாலம் முடிந்தது. ஆனால் 1968இல் காட்டுப்போர் மீண்டும் மூண்டு, 1989 டிசம்பர் 2ஆம் நாள் ஹட்யாய் ஒப்பந்தத்தோடுதான் ஓய்ந்தது. அந்த 21 ஆண்டுகளில் பேராக் மலைக்காடுகளில் இருந்த படையினருக்கு ஆகாயப்படையின் நூரி ஹெலிகாப்டரே உயிர்நாடி.

அதை ஓட்டியவர்களில் பலர் இருபது வயதைத் தாண்டிய இளைஞர்கள். மரங்களை வெட்டித் திருத்திய சிறு இடத்தில், சுழலும் விசிறி கிளையில் படாமல் இறங்க வேண்டும். அரிசியையும் தோட்டாவையும் இறக்கிவிட்டு, கண்ணிவெடியில் காலிழந்தவரை ஏற்றி வர வேண்டும். கீழிருந்து குண்டு வரலாம். மலை மூடுபனியும் கொல்லும். அடிபட்டவர் மலாய்க்காரரா, சீனரா, தமிழரா என்று கேட்க அங்கே நேரமில்லை.

அந்த விமானியின் இருக்கையில் அமர நம் தோட்டப் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது வீரமல்ல, குடியுரிமை. இந்த மண்ணில் பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லை. கையில் சிவப்பு அடையாள அட்டை. படை வாசலிலேயே அவன் நிறுத்தப்படுகிறான். பிறகு, "இந்தியர்கள் படையில் சேர்வதில்லை" என்று நம் நாட்டுப்பற்றையே சந்தேகிப்பது என்ன நியாயம்?

பெற்றோரே, பிள்ளைகளின் பிறப்பைத் தவறாமல் பதியுங்கள். இளைஞர்களே, படையில் பணியாற்றிய நம் பெரியவர்களைத் தேடிச் சென்று, அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். அரசாங்கமே, இங்கே பிறந்தவனுக்கு அடையாள அட்டை கொடு. அது சலுகையல்ல, உரிமை!